ஸ்காட் கவுன்டியில் எச்.ஐ.வி.: தவறு எந்த வருடத்தில் நடந்தது?

கேள்வி: அமெரிக்கா மாதிரி பணமும் மருந்தும் உள்ள நாட்டில், அதுவும் 2015-இல், ஐந்தாயிரம் பேர்கூட இல்லாத ஒரு ஊரைச் சுற்றி இருநூறு பேருக்கு எச்.ஐ.வி. எப்படிப் பரவியது? அப்போதைய இண்டியானா மாநில ஆளுநர் மைக் பென்ஸ் ஊசி மாற்று மையத்துக்கு அனுமதி தரத் தாமதித்ததுதான் காரணம் என்கிறார்களே, சரியா? போதை ஊசி போடுகிறவருக்கு அரசாங்கமே ஊசி கொடுப்பது போதையை வளர்ப்பதாகாதா?

பென்ஸ் தாமதித்தது உண்மை. ஆனால் அவர் கையெழுத்துப் போடத் தயங்கிய அந்த இரண்டு மாதத்தில் நடந்ததைவிட, அதற்கு முந்தைய நான்கு வருடத்தில் யாரும் எதுவும் செய்யாமல் விட்டதால் வந்த சேதம்தான் பெரிது. அதற்குக் கணக்கே இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். முதலில் ஊரைப் பார்ப்போம்.

இண்டியானா மாநிலத்தின் தெற்கே, இண்டியானாபொலிஸிலிருந்து லூயிவில் போகும் 65-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது ஸ்காட் கவுன்டி (கவுன்டி என்பது நம் மாவட்டம் மாதிரி). மொத்தம் 24,000 பேர் சொச்சம். அதில் ஆஸ்டின் என்ற சிற்றூரில் சுமார் 4,200 பேர். (நம்மவர்கள் ஐ.டி. வேலைக்குப் போகும் டெக்சஸ் ஆஸ்டின் வேறு.) பீன்ஸ், சூப் எல்லாம் டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றைத் தவிரப் பெரிய வேலை கிடையாது. நோய் பரவிய சமயத்தில் கவுன்டியில் 19 சதவீதம் பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே, 8.9 சதவீதம் பேர் வேலையில்லாமல், பெரியவர்களில் ஐந்தில் ஒருவர் பள்ளிப் படிப்பை முடிக்காமல் இருந்தார்கள். மாநிலத்திலேயே ஆயுள் குறைந்த கவுன்டிகளில் ஒன்று. ஆஸ்டினுக்கு ஒரே ஒரு டாக்டர், வில்லியம் குக். எச்.ஐ.வி. என்றால் பெருநகரத்து நோய், ஓரினச் சேர்க்கையாளர்களும் கறுப்பினத்தவரும் படும் பாடு என்று நினைத்துக்கொண்டிருந்த வெள்ளையர் கிராமம் இது. வருடத்துக்கு ஐந்து பேருக்குக்கூட நோய் உறுதியானதில்லை. தேடாத இடத்தில் நோயும் தெரியாது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

அடுத்து, ஊரில் போதைக்குப் பயன்பட்ட மாத்திரை. ஓபானா ஈ.ஆர். என்பது ஆக்ஸிமார்ஃபோன் என்ற கடுமையான வலி நிவாரணி. அதற்கு முன்னால் ஊரில் ஓடிக்கொண்டிருந்தது ஆக்ஸிகான்டின். 2010-இல் அதன் தயாரிப்பாளர்கள் பொடி செய்ய முடியாதபடி அதை மாற்றினார்கள். போதைக்குப் பழகியவர்கள் ஓபானாவுக்குத் தாவினார்கள். 2012-இல் ஓபானாவையும் அதேபோல் இறுக்கமாக்கினார்கள். பொடி செய்து மூக்கால் உறிஞ்சியவர்களுக்கு வழி அடைபட்டது. ஆனால் சூடாக்கிக் கரைத்தால் ஊசியில் ஏற்றலாம் என்று கண்டுபிடித்தார்கள். போதையைத் தடுக்க என்று செய்த மாற்றம், மூக்கில் இருந்த போதையை நரம்புக்கு மாற்றிவிட்டது. 2017 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே அந்த மாத்திரையைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னபோது, கூறிய காரணமும் இதுதான். இண்டியானா பரவல் நடந்து இரண்டு வருடம் கழித்துச் சொன்னார்கள்.

ஒரு மாத்திரை கள்ளச் சந்தையில் நூறு டாலருக்கு மேல். தனி ஆளால் வாங்க முடியாது. நாலைந்து பேர் சேர்ந்து வாங்கி, ஒரே பாத்திரத்தில் கரைத்து, பங்கு போட்டுக்கொள்வார்கள். போதை சீக்கிரம் இறங்கும். இறங்கினால் உடம்பு உதறும், வாந்தி வரும். விசாரணையில் சிலர் ஒரு நாளைக்கு 4 முதல் 15 தடவை வரை போட்டுக்கொண்டதாகச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் ஊசி கை மாறும். ஒரே வீட்டில் பாட்டி, மகள், பேரன் என்று மூன்று தலைமுறை சேர்ந்து உட்கார்ந்த கதைகள் அரசு அறிக்கையிலேயே இருக்கின்றன. இப்படி ஓடும் வட்டத்துக்குள் எச்.ஐ.வி. உள்ள ஒருவர் வந்தால் போதும். பின்னால் வைரஸின் மரபணுவைப் படித்தபோது, பார்த்த 159 மாதிரியில் 157 நெருங்கிய உறவு கொண்டவையாக இருந்தன. அதாவது, ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே மூலத்திலிருந்து, மிகக் குறுகிய காலத்தில் வந்திருக்கிறது.

புது ஊசி வாங்க வேண்டியதுதானே என்று தோன்றும். காசைவிடப் பெரிய தடை சட்டம். போதை ஏற்றிக்கொள்ளும் எண்ணத்தோடு சிரிஞ்ச் வைத்திருந்தாலே இண்டியானாவில் சிறைத் தண்டனை உள்ள பெருங்குற்றம். போலீஸ் சோதனை போட்டால் பையில் ஊசி இருக்கக் கூடாது. அதனால் யாரும் தன் ஊசியைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. போகிற வீட்டில் இருப்பதைப் பயன்படுத்துவார்கள். ஊசி மாற்று மையம், அதாவது பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கும் இடம், அப்போது மாநிலம் முழுவதுமே சட்ட விரோதம். மாற்று மருந்து கொடுத்துப் போதையிலிருந்து மீட்கும் மெத்தடோன் மையமும் கவுன்டிக்குள் கிடையாது.

பரிசோதனை? கவுன்டியின் தலைமை ஊரான ஸ்காட்ஸ்பர்க்கில், குடும்பக் கட்டுப்பாடு, கருக்கலைப்பு சேவைகள் தரும் பிளான்டு பேரன்ட்ஹுட் அமைப்பின் சின்ன கிளினிக் ஒன்று இருந்தது. கவுன்டியில் இலவசமாக எச்.ஐ.வி. பரிசோதனை செய்த இடம் அது மட்டும்தான். கருக்கலைப்பு அங்கே செய்ததே இல்லை. ஆனாலும் அந்த அமைப்பின் மீதான அரசியல் சண்டையில் மாநிலத்தின் நிதி குறைந்துகொண்டே வந்து, 2013-இல் அந்த கிளினிக்கை மூடினார்கள். அதற்குப் பிறகு பரிசோதனைக்குப் போக இடமே இல்லாமல் இரண்டு வருடம் ஓடியது. இது எனக்கு மிகவும் எரிச்சல் தருகிற பகுதி. அரசியல்வாதி யாருக்கோ வைத்த குறியில், தொடர்பே இல்லாத ஊர்க்காரன் விழுந்தான்.

இதெல்லாம் தெரிந்தும் எச்சரிக்கை இல்லாமலா போயிற்று? இருந்தது. ஹெபடைடிஸ் சி என்பதும் ஊசி வழியே பரவும் வைரஸ்தான், எச்.ஐ.வி.யைவிடப் பலமடங்கு வேகமாகப் பரவும். ஓர் ஊரில் இளைஞர்களிடம் ஹெபடைடிஸ் சி திடீரென்று ஏறினால், அங்கே ஊசி கை மாறுகிறது என்று அர்த்தம், எச்.ஐ.வி. இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஸ்காட் கவுன்டியில் அப்படி ஏறியது 2011 வாக்கிலேயே பதிவாகியிருக்கிறது. அதைப் பார்த்து யாரும் எதுவும் செய்யவில்லை. பின்னால் எச்.ஐ.வி. வந்தவர்களைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு 92 பேரிடம் ஹெபடைடிஸ் சி-யும் இருந்தது.

2015 ஜனவரி 23. நோயாளிகளோடு பேசி அவர்களின் தொடர்புகளைத் தேடும் மாநில ஊழியர்கள் 11 பேரைக் கண்டுபிடித்திருந்தார்கள். எல்லோரும் இந்த ஒரே கவுன்டி. அன்றுதான் விசாரணை தொடங்கியது. பிப்ரவரி 25-ஆம் தேதி மாநில அரசு பொதுவில் அறிவித்தபோது உறுதியானவர்கள் 26 பேர். மார்ச் 26-இல் 79. ஏப்ரல் 21-இல் 135. வருடக் கடைசிக்குள் 181. சில வருடங்களில் 230-ஐத் தாண்டிப் போனது.

பென்ஸ் கதை இந்தத் தேதிகளுக்கு நடுவில் வருகிறது. கொள்கையளவில் ஊசி மாற்று மையத்துக்கு எதிரானவர் அவர். போதை ஒழிப்பு என்ற பெயரில் போதைக் கருவியை அரசு கொடுக்கக் கூடாது என்பது அவர் நிலை. மத்திய நோய்த் தடுப்பு மையத்தின் நிபுணர்கள் வந்து வேறு வழியில்லை என்றார்கள். கவுன்டி போலீஸ் தலைவரான உள்ளூர் ஷெரீஃபும் பேசினார். பிரார்த்தனை செய்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று ஆளுநர் பதில் சொன்னதாகப் பிறகு செய்தி வந்தது. கடைசியில் மார்ச் 26-ஆம் தேதி சுகாதார அவசரநிலை அறிவித்து, ஸ்காட் கவுன்டிக்கு மட்டும், 30 நாளுக்கு மட்டும் அனுமதி தந்தார். (அதே நாளில்தான் அவர் மதச் சுதந்திரச் சட்டம் ஒன்றில் கையெழுத்திட்டு நாடே கொந்தளித்தது. டி.வி. வண்டிகள் எல்லாம் அங்கே போய்விட்டன; ஆஸ்டின் இரண்டாம் பக்கச் செய்தி.)

இப்போது கணக்கு. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெக் கோன்சால்வெஸும் ஃபாரஸ்ட் க்ராஃபோர்டும் 2018-இல் இந்தப் பரவலைப் பின்னோக்கிக் கணித்தார்கள். தொற்று வந்தும் அது தெரியாமல் நடமாடியவர்களின் எண்ணிக்கை உச்சத்துக்குப் போனது 2015 ஜனவரி 10 வாக்கில். அதிகபட்சம் 126 பேர். விசாரணையே 23-ஆம் தேதிதான் தொடங்கியது, ஆளுநர் கையெழுத்து மார்ச் கடைசியில். அதாவது பெரும்பகுதித் தொற்று அதற்குள் நடந்து முடிந்துவிட்டது. ஆகஸ்ட் வரை வந்த தொற்று மொத்தம் 183, 184 என்று வைத்தால், இதே நடவடிக்கையை 2013 ஜனவரியில் எடுத்திருந்தால் 56-க்குள் நின்றிருக்கும். 2011 ஏப்ரலில், ஹெபடைடிஸ் சி மணியடித்தபோதே எடுத்திருந்தால் 10 பேருக்குமேல் போயிருக்காது.

2011-இல் பென்ஸ் ஆளுநரே இல்லை; மிட்ச் டேனியல்ஸ் இருந்தார். பென்ஸ் பதவியேற்றது 2013 ஜனவரியில். இதைச் சொன்னால் பென்ஸுக்கு வக்காலத்து வாங்குகிறாயா என்று நண்பர்கள் கோபப்படுகிறார்கள். இல்லை. அவருடைய தயக்கத்துக்கு அவர்தான் பொறுப்பு. ஆனால் ஒரு மனிதரின் பிரார்த்தனையை மட்டும் வைத்து இதைப் பேசினால், நிதி வெட்டிய சட்டமன்றம், ஊசியைக் குற்றமாக்கிய சட்டம், ஹெபடைடிஸ் புள்ளிவிவரத்தைக் கோப்பில் போட்டு மூடிய துறை, ஊசி மையத்துக்குப் பணம் தராத வாஷிங்டன் எல்லோரும் தப்பித்துக்கொள்கிறார்கள்.

வாஷிங்டனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஊசி மாற்று மையத்துக்கு மத்திய அரசு காசு தரக் கூடாது என்று 1988-இல் காங்கிரஸ் தடை போட்டது. 1998-இல் கிளின்டன் அரசின் சுகாதார அமைச்சர் டோனா ஷலாலா, இந்த மையங்கள் எச்.ஐ.வி.யைக் குறைக்கின்றன, போதையைக் கூட்டுவதில்லை என்று அதிகாரபூர்வமாகவே அறிவித்தார். அறிவித்துவிட்டு, தடையை அப்படியே விட்டார்கள்! 2009-இல் ஒபாமா காலத்தில் தடை நீங்கியது. 2011 டிசம்பரில் மறுபடி வந்தது. இண்டியானாவுக்குப் பிறகு 2015 டிசம்பரில் பாதி தளர்ந்தது: மையம் நடத்தப் பணம் தரலாம், ஊசி வாங்க மட்டும் தரக் கூடாது.

விஞ்ஞானம் தெளிவாகாமல் இருந்தது என்று யாராவது சொன்னால் எடின்பரோவை நினைவுபடுத்துங்கள். 1980-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் அந்த நகரத்தில் போலீஸ் ஊசிகளைப் பறிமுதல் செய்தது, கடைகள் ஊசி விற்பதை நிறுத்தின. 1986-இல் ராய் ராபர்ட்சன் என்ற உள்ளூர் டாக்டர் தன்னிடம் வந்த போதைப் பழக்கமுள்ளவர்களின் ரத்தத்தைப் பார்த்தபோது 51 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. கொஞ்ச தூரத்தில், ஊசி கிடைத்துக்கொண்டிருந்த கிளாஸ்கோவில் அந்த விகிதம் மிகச் சொற்பம். இதைப் பார்த்து 1987-இல் ஊசி மாற்று மையங்களைச் சோதனை முறையில் தொடங்கி வைத்தது மார்கரெட் தாட்சரின் அரசு. போதை விஷயத்தில் அவரை யாரும் தளர்வானவர் என்று சொல்ல மாட்டார்கள். நியூயார்க்கில் 1990-இல் ஊசி போதைக்காரர்களில் பாதிப் பேருக்கு மேல் எச்.ஐ.வி. இருந்தது; 1992 முதல் மையங்கள் சட்டபூர்வமாகப் பெருகின; 2001-இல் அது 13 சதவீதம். ஆக, 2011-இல் ஆஸ்டினுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது கால் நூற்றாண்டாகத் தெரிந்த விஷயம்.

ஊசி கொடுத்தால் போதை வளராதா என்ற உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். நியாயமான சந்தேகம்தான். ஆனால் போதைக்கு வந்தவன் ஊசி இல்லை என்று திரும்பிப் போவதில்லை. பக்கத்திலிருப்பவன் ஊசியை வாங்குகிறான். சியாட்டிலில் செய்த ஆய்வில், ஊசி மையத்துக்குப் புதிதாக வரத் தொடங்கியவர்கள் மற்றவர்களைவிட ஐந்து மடங்கு சிகிச்சையில் சேர்ந்தார்கள். காரணம் சாதாரணமானது. தன்னைத் திட்டாமல் பேசும் ஓர் ஆளை அவர்கள் வாரா வாரம் சந்திப்பது அங்கே மட்டும்தான். காசுக் கணக்கு பார்ப்பவர்களுக்கு: ஒரு ஊசியின் விலை சில சென்ட், அமெரிக்காவில் ஒரு எச்.ஐ.வி. நோயாளிக்கு வாழ்நாள் சிகிச்சைச் செலவு ஏறத்தாழ 4 லட்சம் டாலர், அதில் பெரும்பகுதி அரசுக் காப்பீட்டின் தலையில்.

ஆஸ்டினில் மையம் 2015 ஏப்ரல் 4-ஆம் தேதி திறந்தது. பெயர் வேண்டாம், ஒரு குறியீட்டு எண் உள்ள அட்டை தருவார்கள். பழைய ஊசியைக் கொடுத்து ஒரு வாரத்துக்கானதை வாங்கலாம். ஆரம்பத்தில் வந்தவர்கள் மிகக் குறைவு. நேற்று வரை ஊசிக்காகப் பிடித்த போலீஸ் இன்று அட்டையை மதிக்கும் என்று யார் நம்புவார்கள்? அதனால் வேனில் போட்டு வீட்டுத் தெருவுக்கே கொண்டுபோனார்கள். பக்கத்து மேஜைகளில் வேறு வேலை நடந்தது: பிறப்புச் சான்றிதழ் எடுத்துத் தருவது, அடையாள அட்டை, அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர்ப்பது, ஹெபடைடிஸ் ஏ, பி தடுப்பூசி, எச்.ஐ.வி. பரிசோதனை. பலரிடம் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்க ஓர் அடையாளக் காகிதம்கூட இல்லை என்பது அப்போதுதான் அதிகாரிகளுக்கே தெரிந்தது. எச்.ஐ.வி. நிபுணர்கள் டாக்டர் குக்கின் கிளினிக்குக்கு வந்து பார்க்கத் தொடங்கினார்கள். பரவல் அடங்கியது.

ஆனால் மே மாதம் மாநிலம் கொண்டுவந்த சட்டத்தைப் பாருங்கள். ஒரு கவுன்டி ஊசி மையம் தொடங்க வேண்டுமானால், அங்கே ஊசி வழியே எச்.ஐ.வி. அல்லது ஹெபடைடிஸ் சி கொள்ளைநோயாகப் பரவுகிறது என்று முதலில் காட்ட வேண்டும். ஊசி வாங்க மாநிலக் காசு கிடையாது. தடுப்பு நடவடிக்கைக்கு அனுமதி கேட்கவே நோய் வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை. ஊசியைப் பார்த்து முகம் சுளிக்கும் வாக்காளருக்கும் நிபுணருக்கும் நடுவில் செய்த சமரசம் அது என்பது புரிகிறது. புரிந்தாலும் அபத்தம் அபத்தம்தான்.

நம் ஊர் ஞாபகம் இதில் வராமல் இருக்காது. 1986-இல் இந்தியாவில் எய்ட்ஸ் இல்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்ததால்தான் முதல் தொற்றுகள் வெளியே வந்தன. ஊசி விஷயத்திலும், மணிப்பூர் அரசு 1996-இலேயே பாதிப்பைக் குறைக்கும் அணுகுமுறையைத் தன் எய்ட்ஸ் கொள்கையில் சேர்த்துக்கொண்டது. தேசிய எய்ட்ஸ் திட்டத்திலும் புது ஊசியும் மாற்று மருந்தும் கொடுப்பது உண்டு. போலீஸோடும் போதைச் சட்டத்தோடும் உரசல் இங்கேயும் ஓயவில்லை, கிடைக்கும் இடங்களும் போதாது. ஆனால் கொடுக்கலாமா கூடாதா என்ற வாதத்தில் நாம் இண்டியானாவைவிட இருபது வருடம் முந்தியிருந்தோம்.

ஸ்காட் கவுன்டியில் 2020-இல் புதிதாக எச்.ஐ.வி. உறுதியானது ஒரே ஒருவருக்கு. 2021 ஜூனில் கவுன்டி கமிஷனர்கள் மூவரும் கூடி, மையத்தை மூட 2-க்கு 1 என்று வாக்களித்தார்கள். குடிகாரனுக்கு நான் விஸ்கி வாங்கித் தருவதில்லையே, தன்னைக் கெடுத்துக்கொள்கிறவன் கையில் எப்படி ஊசி கொடுப்பது என்பது அதில் ஒருவரின் வாதம். 2015-இல் மாநில சுகாதார ஆணையராக இருந்து, பிறகு நாட்டின் சர்ஜன் ஜெனரலாகவும் (மத்திய அரசின் தலைமைப் பொதுச் சுகாதாரக் குரல்) இருந்த ஜெரோம் ஆடம்ஸே நேரில் வந்து வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தார். பலிக்கவில்லை. அப்போது அவர்கள் கண்ணெதிரே மேற்கு விர்ஜீனியாவின் உதாரணமும் இருந்தது. அங்கே சார்ல்ஸ்டன் நகரத்தில் 2018-இல் ஊசி மையத்தை நிறுத்தினார்கள். அடுத்த வருடமே அந்தக் கனாவா கவுன்டியில் எச்.ஐ.வி. ஏறத் தொடங்கியது. 2021-இல் மத்திய நோய்த் தடுப்பு மையம் நாட்டிலேயே மிகவும் கவலைக்குரிய பரவல் என்று அதைச் சொன்னது.

ஸ்காட் கவுன்டியில் மையத்தை மூடிய பிறகு எண்ணிக்கை ஏறவில்லையே என்று இனிமேல் யாராவது வாதாடினால் ஒன்றைக் கவனியுங்கள். ஊசி மையம் மூடினால் எச்.ஐ.வி. மறுநாளே ஏறாது, ஏனென்றால் ஏற்கனவே தொற்று உள்ளவர்களில் பெரும்பாலோர் மருந்து சாப்பிட்டு வைரஸை அடக்கி வைத்திருக்கிறார்கள். முதலில் ஏறுவது முப்பது வயதுக்குட்பட்டவர்களிடம் ஹெபடைடிஸ் சி. அது ஏறுகிறதா என்று பார்க்கவும் பரிசோதனை வேண்டும். ஊசி போடுகிறவர்கள் கூச்சமில்லாமல் கையை நீட்டி ரத்தம் கொடுத்த இடமே அந்த மையம்தான்.